முகவரி மாறும்போது கார் காப்பீட்டில் மாறுபவை

சென்ற ஆண்டு என் அக்கா வீடு மாறினார். நகரம் அதேதான், பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் இடையே நான்கு கிலோமீட்டர்கூட இராது. கார் மாறவில்லை, ஓட்டுபவர் மாறவில்லை, அலுவலகத்துக்குப் போய்வரும் தூரமும் ஏறத்தாழ முன்பு இருந்ததுதான். பதினோர் ஆண்டுகளாக ஒரு கிளெய்ம்கூடக் கேட்காதவர் அவர். ஆனாலும் புதிய முகவரியைத் தெரிவித்த பிறகு வந்த புதுப்பித்தல் கடிதத்தில் பிரீமியம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. "நான் ஓட்டுவதில் என்ன குறை கண்டார்களாம்?" என்று தொலைபேசியில் அவர் கேட்டபோது, அந்தக் குரலில் கோபத்தைவிட மனவருத்தமே மிகுந்திருந்தது. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் இந்த விஷயத்துக்குள் நுழைந்தேன்.

அவர் ஓட்டுவதில் யாரும் குறை காணவில்லை. அவர் குடிபோன பகுதியின் கணக்கு அவருடைய கணக்கோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். கார் காப்பீட்டுக்கு விலை வைப்பவர்கள் எந்தப் பகுதியைப் பற்றியும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்களிடமிருந்து ஆண்டுக்கு எத்தனை கிளெய்ம்கள் வருகின்றன என்பது முதல் கேள்வி. வருகிற கிளெய்ம் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது இரண்டாவது. இரண்டையும் பெருக்கினால் அந்தப் பகுதியில் ஒரு காருக்கு ஆகும் செலவு கிடைத்துவிடும். போக்குவரத்து நெரிசல், குறுகிய சந்திப்புகள், தெருவோரத்திலேயே இரவெல்லாம் நிற்கும் வண்டிகள், திருட்டு ஆகியவை முதல் எண்ணை உயர்த்துகின்றன. பணிமனைகளின் கூலி, சுற்றிலும் ஓடும் கார்களின் விலை, மருத்துவமனைச் செலவு, வழக்கு தொடுக்கும் வழக்கம் ஆகியவை இரண்டாவது எண்ணை உயர்த்துகின்றன. எனவே, அரவமே இல்லாத ஒரு பணக்காரக் குடியிருப்பில் பிரீமியம் அதிகமாக இருப்பதும், பார்வைக்குக் கரடுமுரடான ஒரு பகுதியில் குறைவாக இருப்பதும் நடக்கக்கூடியவையே.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. நானும் தொடக்கத்தில் தவறாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். பகுதியின் கணக்கு என்றால் அந்தப் பகுதியின் சாலைகளில் நடந்த விபத்துகளின் கணக்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பொதுவாக அது அப்படி இல்லை. விபத்து எங்கே நடந்தாலும், அந்தக் கார் வழக்கமாக இரவில் நிற்கும் முகவரியின் பெயரிலேயே அது எழுதப்படுகிறது. ஒரு பகுதியில் வசிப்பவர்களில் பலர் நாள்தோறும் நகரத்தைக் குறுக்காகக் கடந்து வேலைக்குப் போகிறார்கள் என்றால், எங்கோ ஒரு மேம்பாலத்தில் அவர்கள் இடித்துக்கொண்டவை எல்லாம் சொந்தப் பகுதியின் கணக்கில்தான் ஏறும். "இங்கே விபத்தே நடப்பதில்லையே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். ஆனால் அதற்கும் அவருடைய பிரீமியத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு.

இன்னொன்றையும் அக்காவிடம் சொன்னேன். தனியாக ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், நம்பத்தகுந்த சராசரி தரும் அளவுக்கு அங்கே கிளெய்ம்கள் சேராது. ஒரே ஆண்டில் இரண்டு கார்கள் திருடுபோனால்கூட அந்தத் தெருவின் சராசரி கண்டபடி ஏறிவிடும். எனவே பக்கத்துப் பகுதிகளின் புள்ளிவிவரங்களையும் சேர்த்துக் கலந்து ஒரு பெரிய வட்டத்துக்கு ஒரே எண்ணை வைக்கிறார்கள். கோடு என்று ஒன்று கிழித்தால் அதற்கு இருபுறமும் வீடுகள் இருந்தே தீரும். ஒரே சாலையின் இடப்பக்கத்தில் இருப்பவர் ஒரு தொகையும் வலப்பக்கத்தில் இருப்பவர் வேறு தொகையும் கட்ட நேர்வது இந்தக் கோட்டினால்தான்.

கோட்டை எவ்வளவு நெருக்கமாகக் கிழிக்கலாம் என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு உண்டு. இந்தியாவில் 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மோட்டார் கட்டண விதிகள் தனியார் கார்களுக்காக நாடு முழுவதையும் இரண்டே வலயங்களாகப் பிரித்தன. சென்னை, மும்பை, கொல்கத்தா, புது தில்லி, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் ஒரு வலயம். மற்ற இடங்கள் எல்லாம் இன்னொரு வலயம். 1,000 சி.சி.க்கு மிகாத, ஐந்து வயதைத் தாண்டாத காருக்குச் சொந்தச் சேதக் கட்டணம், அதாவது நம் காருக்கே நேரும் சேதத்துக்கான கட்டணம், முதல் வலயத்தில் காரின் மதிப்பில் 3.127 சதவீதம், இரண்டாவதில் 3.039 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் மதிப்புக்கு வெறும் 88 ரூபாய் வித்தியாசம். 2007இல் சொந்தச் சேதக் கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. ஆனால் பிறருக்கு நாம் விளைவிக்கும் சேதத்துக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் கட்டணத்தை இன்றும் அரசே நிர்ணயிக்கிறது. தனியார் காருக்கு அது இஞ்சின் திறனைப் பார்க்கிறதே தவிர, எந்த ஊர், எந்தத் தெரு என்று பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் அஞ்சல் குறியீடு வரைக்கும் இறங்கிக் கணக்கிடும் வழக்கம் வேரூன்றியது. எதிர்ப்பும் அங்கேதான் வலுவாக எழுந்தது. கலிபோர்னியாவில் 1988 நவம்பரில் வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு, ஒருவருடைய பிரீமியத்தை முதலில் அவருடைய ஓட்டுநர் வரலாறும், அடுத்து ஆண்டுக்கு அவர் ஓட்டும் மைல்களும், அதற்கடுத்து ஓட்டிய அனுபவ ஆண்டுகளும் தீர்மானிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தியது. முகவரி அவற்றுக்குப் பின்னால்தான் வரலாம். மிச்சிகன் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டம் அஞ்சல் குறியீட்டைக் கட்டணக் காரணியாகப் பயன்படுத்துவதையே தடுத்தது. ஆனால் ஒப்புதல் பெற்ற பெரிய நிலப்பரப்புகளைக் கொண்டு கட்டணம் வகுக்க இடம் விட்டிருக்கிறது. ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனமும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழும் சேர்ந்து 2017இல் நான்கு மாநிலங்களின் கட்டணங்களை ஆராய்ந்தன. சில பெரிய நிறுவனங்கள், சிறுபான்மையினர் அதிகம் வாழும் பகுதிகளில், அதே அளவு விபத்துச் செலவு உள்ள மற்றப் பகுதிகளைவிட 30 சதவீதம் வரைகூட அதிகம் வாங்கின என்று அவை எழுதின. காப்பீட்டுத் துறையினர் அந்த ஆய்வின் முறையை ஏற்கவில்லை. எனக்குத் தோன்றுவதை நேராகச் சொல்லிவிடுகிறேன். கிளெய்ம் செலவு உண்மையிலேயே அதிகமான இடத்தில் அதிகம் கேட்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. செலவு சமமாக இருக்கும்போதும் அதிகம் கேட்டால், அங்கே விலை வைக்கப்படுவது ஆபத்துக்கு அல்ல, அங்கே வாழும் மனிதர்களுக்கு. அதை ஒரு சமூகம் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இவற்றையெல்லாம் கேட்ட பிறகு அக்கா, "சரி தம்பி, காரணம் புரிகிறது. நான் என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்" என்றார். நிறுவனத்தில் தொலைபேசியை எடுத்தவர் அவருக்கு ஏற்கெனவே ஒரு வழி சொல்லியிருந்தார். திருட்டு, வெள்ளம், தீ ஆகியவற்றை உள்ளடக்கிய பிரிவை நீக்கிவிட்டு, சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் தரப்புக் காப்பீட்டையும் மோதல் சேதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டால் பிரீமியம் பழைய நிலைக்கு இறங்கிவிடும் என்பதுதான் அந்த வழி. அக்காவும் ஏறத்தாழச் சம்மதித்துவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தியது. பகுதி மாறியதால் ஆபத்து கூடியிருக்கிறது என்று சொல்லித்தான் பணம் அதிகம் கேட்கிறார்கள். அந்தப் பணத்தைக் கட்ட மனமில்லாமல் நாம் வெட்டியெறிவது, அதே ஆபத்துக்கு எதிரான காப்பீட்டையே என்றால், நம்முடைய நிலை வீடு மாறுவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமாகிவிடுகிறது. முன்பு குறைந்த ஆபத்தும் முழுக் காப்பும் இருந்தன. இப்போது கூடிய ஆபத்தும் குறைந்த காப்பும் இருக்கும்.

முடிவெடுப்பதற்கு முன், அந்தப் பகுதியின் ஆபத்து எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். இதைத் தெளிவாக எனக்குப் புரியவைத்தது ஜெர்மனியின் முறை. அங்கே காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் நாட்டிலுள்ள நானூறுக்கும் மேற்பட்ட வாகனப் பதிவு மாவட்டங்களை ஆண்டுதோறும் வகைப்படுத்தி வெளியிடுகிறது. ஒரு மாவட்டத்துக்கு ஒரே எண் என்று விட்டுவிடுவதில்லை. பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கு 12 வகுப்புகள், மோதலையும் சேர்த்த முழுக் காப்பீட்டுக்கு 9, திருட்டும் இயற்கைச் சேதமும் அடங்கிய பகுதியளவுக் காப்பீட்டுக்கு 16 என்று மூன்று தனித்தனி அளவுகோல்கள் உண்டு. இதனால் பெர்லின் போன்ற ஒரு பெருநகரம் பிறர் சேதத்தில் உச்ச வகுப்பில் நிற்க, ஆல்ப்ஸ் மலையடிவாரத்துப் பவேரிய மாவட்டங்கள் ஆலங்கட்டி மழையின் காரணமாகப் பகுதியளவுக் காப்பீட்டில் உயர்ந்து நிற்கின்றன. அமைதியான ஊரிலும் வானம் காரைச் சேதப்படுத்தலாம் என்பதை அந்த மூன்று எண்கள் ஒளிக்காமல் காட்டிவிடுகின்றன. நம் கைக்கு அப்படி மூன்று எண்கள் வருவதில்லை. ஒரே ஒரு மொத்தத் தொகைதான் வருகிறது. அதை நாமே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரித்துப் பார்க்க நாங்கள் செய்தது மிக எளிமையானது. ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு அக்காவும் நானும் அந்தத் தெருவின் இரு முனைகளுக்கும் நடந்தோம். தெருவோரத்தில் நின்ற கார்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனோம். சாலைப்பக்கக் கண்ணாடிகள் பலவற்றில் ஒட்டுப்பட்டை சுற்றியிருந்தது. கதவுகளில் நீளமான கீறல்கள் இருந்தன. தெரு குறுகலாக இருப்பதால் போகிற வண்டிகள் உரசிக்கொண்டு போகின்றன என்பது தெரிந்தது. ஆனால் நடைபாதையில் உடைந்த கார்க் கண்ணாடித் துகள்கள் எங்கேயும் இல்லை. ஸ்டீயரிங்கில் பூட்டுக் கம்பி போட்டிருந்த கார்களும் ஒன்றிரண்டுதான். திருட்டுக்குப் பேர்போன இடங்களில் இவை இரண்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

பிறகு அக்கா கார் நிறுத்தும் தரைக்கீழ்த் தளத்துக்கு இறங்கினோம். என் மனத்தை மாற்றியது அந்த இடம்தான். சாலையிலிருந்து சரிவுப்பாதை நேராகக் கீழே இறங்குகிறது. அதன் தலைப்பில் தண்ணீரைத் தடுக்கும் மேடு எதுவும் கிடையாது. உள்ளே, சுவர் முழுவதும் முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. காவலாளியிடம் கேட்டோம். முந்தைய மழைக்காலத்தில் ஓர் இரவில் தண்ணீர் அந்த உயரம் வரைக்கும் வந்தது என்றும், இறைக்கும் மோட்டார் மின்சாரம் இல்லாததால் ஓடவில்லை என்றும் அவர் சொன்னார். நீக்கிவிடச் சொன்ன பிரிவில் வெள்ளமும் அடங்கியிருந்தது. அக்கா அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றது எனக்கு மறக்கவில்லை.

தண்ணீர் காருக்கு என்ன செய்யும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காப்பீட்டுத் தேர்வில் மிகப் பெரிய தொகை சிக்கிக்கொள்வது இங்கேதான். இஞ்சினின் சிலிண்டருக்குள் காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மூழ்கிய காரின் இஞ்சினை இயக்கினால் காற்று வரும் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், மேலே ஏறும் பிஸ்டனைத் தடுக்கிறது; பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு என்னும் தண்டு வளைந்துவிடுகிறது, சில வேளைகளில் இஞ்சினின் உடலே பிளந்துவிடுகிறது. தண்ணீர் வடிந்த பிறகு, "ஓடுகிறதா என்று ஒருமுறை பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடிதான் பெரும்பாலான இஞ்சின்களைக் கெடுக்கிறது. சில நாடுகளில் வெள்ளச் சேதம் முழுவதும் விரிவான பாலிசிக்குள்ளேயே வந்துவிடும். இந்தியாவைப் போன்ற இடங்களில் இருக்கைகளும் மின்கம்பிகளும் நனைந்த சேதத்துக்கு அடிப்படைப் பாலிசி கொடுத்தாலும், தண்ணீரோடு இயக்கியதால் கெட்ட இஞ்சினை அதன் தொடர்விளைவு என்று சொல்லிப் பொதுவாக விலக்கிவிடுவார்கள். அதற்கு இஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும். தாழ்வான பகுதிக்கோ தரைக்கீழ்த் தளம் உள்ள கட்டடத்துக்கோ குடிபோகிறவர்கள் தங்கள் பாலிசியில் முதலில் தேடிப் படிக்க வேண்டிய வரி இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். காப்பீடே எடுக்காமல் வண்டி ஓட்டுபவர்கள் அதிகம் உள்ள பகுதியாக இருந்தால், அப்படிப்பட்டவர் நம்மை இடித்துவிட்டுப் போகும்போது கைகொடுக்கும் பிரிவு பாலிசியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காருக்குள் வைத்த மடிக்கணினி திருடுபோனால் பொதுவாகக் கார் காப்பீடு அதற்குப் பொறுப்பேற்காது. வீட்டுப் பாலிசிதான் ஏற்கும். பிறர் சேதத்துக்கான உச்சவரம்பைத் தேர்ந்தெடுக்கும் இடங்களில், நாம் குடியிருக்கும் பகுதியைப் பார்த்து அதை முடிவு செய்யக் கூடாது. அன்றாடம் ஓட்டிச் செல்லும் பாதையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அக்காவின் பாதை விலையுயர்ந்த கார்கள் நிறைந்த வணிகப் பகுதியைக் கடந்து போகிறது. அவர் எளிய தெருவில் வசிக்கிறார் என்பதற்காக, அவர் தவறுதலாக இடிக்கும் காரின் விலை குறைந்துவிடாது.

பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமென்றால், நான் முதலில் கைவைப்பது விலக்குத் தொகையில்தான். சேதம் நேரும்போது முதலில் நம் கையிலிருந்து கட்டும் தொகை அது. டிடக்டிபிள் என்றும் எக்ஸஸ் என்றும் பாலிசிகளில் எழுதியிருப்பார்கள். ஒரு பிரீமியம் 100 என்று வைத்துக்கொள்வோம். விலக்குத் தொகையை 50இலிருந்து 100க்கு உயர்த்தினால் பிரீமியம் 90 ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பத்து மிச்சம். கிளெய்ம் வந்தால் கூடுதலாக ஐம்பது செலவு. ஐந்து ஆண்டுக்கு ஒரு கிளெய்முக்கும் குறைவாக வருமென்றால் உயர்த்துவது லாபம், அதற்கு மேல் வருமென்றால் நட்டம். குறுகிய தெருவில் கார் அடிக்கடி உரசப்படும். அப்படியிருக்க உயர்த்துவது சரியா என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சிறு கீறல்களுக்காக அவர் கிளெய்ம் கேட்கப் போவதில்லை. கேட்டால் கிளெய்ம் கேட்காததற்காகப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அந்த இழப்பு கீறலின் செலவை எளிதாகத் தாண்டிவிடும். எப்படியும் கையிலிருந்து கட்டப்போகிற சேதத்துக்குத் தாழ்ந்த விலக்குத் தொகை வைத்துப் பிரீமியம் கட்டுவதில் பொருளில்லை. வெள்ளத்தில் முழுக் காரும் போவது அப்படிப்பட்டதன்று. அந்த இழப்பைத் தாங்க அவரிடம் சேமிப்பு இல்லை. அதற்காகத்தான் காப்பீடு என்ற ஏற்பாடே இருக்கிறது.

பழைய வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டிருக்கலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், ஆனாலும் இதில் நான் சற்றும் இறங்கிவர மாட்டேன். இரவில் கார் எங்கே நிற்கிறது என்பது ஒப்பந்தத்தின் அடிப்படைத் தகவல்களில் ஒன்று. அது பொய் என்று தெரிந்தால், கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ பாலிசியையே செல்லாததாக்கவோ நிறுவனத்துக்கு வழி பிறந்துவிடும். அந்தப் பொய் வெளிப்படுவதும் கார் திருடுபோன அன்றோ மூழ்கிய அன்றோதான், ஏனென்றால் அன்றைக்குத்தான் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நேரில் வந்து கார் நின்ற இடத்தைப் பார்க்கிறார். ஆண்டுக்கணக்கில் கட்டிய பிரீமியம் மிகவும் தேவைப்படும் நாளில் பயனற்றுப் போய்விடும்.

உண்மையைச் சொல்வதில் நமக்குச் சாதகமான பக்கமும் உண்டு. அக்காவின் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது, கார் நிறுத்தும் இடம் "தெருவோரம்" என்று பதிவாகியிருப்பதைக் கண்டோம். பழைய வீட்டில் அது உண்மை. புதிய வீட்டில் வாயிற்கதவும் காவலாளியும் உள்ள தளத்தில்தான் கார் நிற்கிறது. முகவரியை மட்டும் மாற்றியவர்கள் இதை மாற்றவில்லை. ஆண்டுக்கு அவர் ஓட்டும் தூரமும் பல ஆண்டுகளுக்கு முன்பு, வாரம் ஆறு நாள் அலுவலகம் போன காலத்தில் சொன்ன கணக்கு. இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் போகிறார். இரண்டையும் திருத்தச் சொல்லி எழுத்தில் அனுப்பினோம். உயர்ந்திருந்த தொகையில் ஏறத்தாழப் பாதி குறைந்து வந்தது. மோதல் சேதத்துக்கு விலக்குத் தொகையை உயர்த்தியதில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. திருட்டு, தீ, வெள்ளம் அடங்கிய பிரிவை அக்கா அப்படியே வைத்துக்கொண்டார். அதற்குத் தனியாக உள்ள விலக்குத் தொகையையும் தாழ்வாகவே விட்டார். இஞ்சின் சேதம் அந்தப் பிரிவில் சேருமா என்று கேட்டு, சேரும் என்ற பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்திருக்கிறார்.

கடைசியில் அவர் கட்டுவது பழைய தொகையைவிடச் சற்று அதிகம்தான். அது அவருக்கு இப்போது வருத்தமாக இல்லை. குடியிருப்போர் கூட்டத்தில் சரிவுப்பாதையின் தலைப்பில் ஒரு மேடு கட்ட வேண்டும் என்றும், இறைக்கும் மோட்டாருக்கு ஜெனரேட்டர் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்றும் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டார். இணைப்பு வந்துவிட்டது; மேடு வேலை இன்னும் தொடங்கவில்லை. அடுத்த மழைக்கு முன் அதை முடித்துவிட வேண்டும் என்று வாரந்தோறும் செயலாளரிடம் நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்.